தஞ்சமும் எல்லைக்காவலும்: ஐரோப்பியக் குடியேற்றக் கொள்கையில் பாதுகாப்பும் மனித உரிமையும்

தம் நிலப்பரப்புக்குள் வருவோரை ஒழுங்குபடுத்துவது, தம் மக்களின் உயிரையும் பொது அமைதியையும் காப்பது, வந்து சேர்ந்த அந்நியரின் அடிப்படை உரிமைகளை மதிப்பது ஆகிய மூன்று கடமைகளை ஐரோப்பிய நாடுகள் ஒரே வேளையில் சுமக்கின்றன. அரசியல் மேடைகளில் இவை ஒரு தராசின் தட்டுகளாகவே பேசப்படுகின்றன. உரிமைக்குக் கூடுதலாக இடும் எடை பாதுகாப்பை இலேசாக்கிவிடும் என்ற எண்ணம் இடதுசாரி, வலதுசாரி வேறுபாடின்றிப் பலரிடமும் ஊறிக்கிடக்கிறது. ஆனால் ஐரோப்பாவின் சட்ட வரலாற்றையும், 2015க்குப் பிந்தைய நிகழ்வுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். பாதுகாப்பு தவறிய இடங்களும் உரிமை மீறப்பட்ட இடங்களும் பெரும்பாலும் ஒரே நிர்வாகக் குறைபாட்டிலிருந்து பிறந்திருக்கின்றன. வந்தவர் யார் என்பதை உரிய காலத்தில் அறியாமை, அவருடைய கோரிக்கையின் மீது ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்காமை, எடுத்த முடிவை நிறைவேற்றாமை, நிறைவேற்றிய விதத்துக்கு எவரும் பொறுப்பேற்காமை ஆகியவையே அக்குறைபாட்டின் கூறுகள்.

இங்கு பயிலும் சில சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். வேலை, கல்வி, குடும்பம் என எக்காரணத்துக்காகவும் நாடுவிட்டு நாடு செல்பவர் அனைவரையும் புலம்பெயர்ந்தோர் என்ற பொதுச்சொல் குறிக்கும். அவர்களுள், சொந்த நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தால் வேற்று நாட்டின் பாதுகாப்பைக் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர் தஞ்சக் கோரிக்கையாளர். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஒன்றால் அவ்வச்சம் ஏற்பட்டது என்று ஏற்கப்பட்டால், 1951ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் உடன்படிக்கையின்படி அவர் அகதி ஆகிறார். அந்த ஐந்துக்குள் அடங்காவிட்டாலும் போர், சித்திரவதை, மரணதண்டனை போன்ற பெருந்தீங்கை எதிர்நோக்குபவருக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் துணைநிலைப் பாதுகாப்பு என்ற இரண்டாம் தகுதியை அளிக்கிறது.

ஜெனீவா உடன்படிக்கையின் நடுநாயகம் அதன் 33ஆம் பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டுக்கு எந்த அகதியையும் எவ்வகையிலும் திருப்பி அனுப்பக்கூடாது என்று அது விதிக்கிறது. சட்ட அறிஞர் இதைத் திருப்பி அனுப்பாமைக் கோட்பாடு என்பர். எனினும் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அடைக்கலம் தந்த நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருத நியாயமான காரணம் உள்ளவருக்கும், கொடுங்குற்றத்துக்காக இறுதித் தண்டனை பெற்றுச் சமூகத்துக்கு ஆபத்தாக விளங்குபவருக்கும் இந்தப் பாதுகாப்பை மறுக்கிறது. ஆக, 1951இல் சட்டம் எழுதியவர்கள் பாதுகாப்பைப் பற்றி நினையாதவர்கள் அல்லர். விதிவிலக்கை விதியின் பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள்.

இதைவிடக் கண்டிப்பானது, 1950இல் ரோமில் கையெழுத்தாகி 1953இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை. அதன் 3ஆம் பிரிவு சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தையையும் விலக்கு ஏதுமின்றித் தடைசெய்கிறது. போர்க்காலத்திலும் அவசரநிலையிலும்கூட அதை நிறுத்திவைக்க இயலாது. இவ்வுடன்படிக்கையைக் காக்கும் மனித உரிமை நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது. அது ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று; ஒன்றியத்தைவிடப் பரந்த ஐரோப்பியக் கவுன்சிலின் 46 உறுப்பு நாடுகளுக்கும் பொதுவானது. ஒன்றியத்தின் சொந்த நீதிமன்றம் லக்சம்பர்க்கில் உள்ளது. இரண்டையும் ஒன்றாகக் கருதும் பிழை ஐரோப்பியச் செய்தித்தாள்களிலேயே அடிக்கடி நிகழ்கிறது.

3ஆம் பிரிவு வெளியேற்றத்துக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு 1989இல் விடை கிடைத்தது. அமெரிக்காவில் கொலைக் குற்றச்சாட்டை எதிர்நோக்கிய ஜெர்மானிய இளைஞர் ஒருவரை பிரிட்டன் ஒப்படைத்தால், மரணதண்டனைக் கைதிகளின் சிறையில் நெடுங்காலம் காத்திருக்கும் கொடுமைக்கு அவர் ஆளாவார் என்பதால், அவ்வொப்படைப்பே 3ஆம் பிரிவை மீறும் என்று நீதிமன்றம் தீர்த்தது. தீங்கு நிகழ்வது எந்த மண்ணிலாயினும் அங்கே தள்ளிவிடும் அரசும் பொறுப்பாளி என்பதே இதன் சாரம்.

இக்கோட்பாட்டின் அளவுகோல் தீட்டப்பட்டதில் ஈழத்தமிழர் வழக்குகளுக்கு முக்கியமான இடம் உண்டு. பிரிட்டனில் தஞ்சம் மறுக்கப்பட்டு 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட ஐந்து தமிழர்களின் வழக்கில், 1991இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கு நிலைமை சீரற்றது, தீங்கு நேர வாய்ப்பு உண்டு என்பது மட்டும் போதாது. அந்த ஐவரின் நிலை மற்ற தமிழ் இளைஞரின் நிலையைவிட மோசமானது என்று காட்டப்படவில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. திரும்பிச் சென்றவர்களில் சிலர் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தும், பின்னர் பிரிட்டனின் மேல்முறையீட்டு அதிகாரியே ஐவரின் கோரிக்கையும் நியாயமானது என்று ஏற்று, அவர்கள் மீண்டும் பிரிட்டனுக்கு வர வழிசெய்திருந்தும் தீர்ப்பு அவ்வாறு அமைந்தது. ஒரு மக்கள் கூட்டமே ஆபத்தில் இருக்கும்போது, தனக்கு மட்டும் தனியாபத்து உண்டு என்று காட்டும்படி ஒவ்வொருவரிடமும் கேட்பது நீதிக்குப் பொருந்தாது. நீதிமன்றமும் பிற்காலத்தில் அந்த இறுக்கத்திலிருந்து விலகியது. பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்படவிருந்த வேறொரு தமிழரின் வழக்கில் 2008 ஜூலையில் அது அளித்த தீர்ப்பு, முன்பு கைதானமை, உடலிலுள்ள தழும்புகள், காவல்துறைப் பதிவு, லண்டனிலிருந்து திரும்புதல் முதலிய கூறுகள் தனித்தனியே சிறியனவாகத் தோன்றினாலும் சேர்ந்து பெரும் ஆபத்தாகலாம் என்று ஏற்று, அவரை அனுப்புவது 3ஆம் பிரிவை மீறும் என்றது.

பாதுகாப்புக்கும் உரிமைக்கும் இடையிலான நேரடி மோதல் வேறு இரு வழக்குகளில் வெளிப்பட்டது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கூறி ஒரு சீக்கியப் பிரிவினைவாதியை இந்தியாவுக்கு அனுப்ப பிரிட்டன் முயன்றபோது, அவருடைய செயல்கள் எத்தகையனவாயினும் சித்திரவதை ஆபத்துள்ள இடத்துக்கு அனுப்பக்கூடாது என்று 1996இல் தீர்ப்பாயிற்று. 2008இல், துனீசியர் ஒருவரை இத்தாலி வெளியேற்ற முனைந்த வழக்கில் பிரிட்டிஷ் அரசு மூன்றாம் தரப்பாக நுழைந்து, அனுப்பப்படுபவருக்கு நேரக்கூடிய தீங்கையும் அவரால் சமூகத்துக்கு நேரக்கூடிய ஆபத்தையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டது. ஒருவர் ஆபத்தானவராக இருப்பதால் அவர் சித்திரவதைக்கு ஆளாகும் சாத்தியம் குறைந்துவிடாது, இரண்டையும் ஒரே அளவையில் நிறுக்க இயலாது என்று நீதிபதிகள் ஒருமனதாக அவ்வாதத்தைத் தள்ளினர்.

அரசின் கையைக் கட்டிவிட்டதாகக் கண்டிக்கப்படும் இத்தீர்ப்புகளின் பின்விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக, இரகசிய உளவுத் தகவல்களையும் பரிசீலிக்கக்கூடிய சிறப்புக் குடியேற்ற மேல்முறையீட்டு ஆணையத்தை பிரிட்டன் 1997இல் சட்டமியற்றி அமைத்தது. ஜோர்டான் நாட்டு மதபோதகர் ஒருவரின் வழக்கில், சித்திரவதையால் பெற்ற சாட்சியம் அவருக்கு எதிராக அங்கு பயன்படும் என்பதால் அனுப்பக்கூடாது என்று 2012இல் தீர்ப்பு வந்தபோது, பிரிட்டன் ஜோர்டானுடன் புதிய உடன்படிக்கை செய்து அத்தகைய சாட்சியத்தைத் தடுத்தது. 2013 ஜூலையில் அவர் அனுப்பப்பட்டார், ஜோர்டான் நீதிமன்றமே அவரைப் பின்னர் விடுவித்தது. வெளியேற்றம் தாமதமாயிற்று, ஆனால் நடந்தது. கூடவே இன்னொரு நாட்டின் நீதிமுறையும் சிறிது திருந்தியது. முழுமையான உரிமை என்பது அரசுக்கு முட்டுச்சந்து என்ற கருத்தை இந்நிகழ்வு மறுக்கிறது.

சட்டம் ஒருபுறம் இவ்வாறு வளர, மறுபுறம் அச்சட்டத்தின் எல்லைக்குள் ஆட்களே வந்து சேராதபடி தடுக்கும் கலையும் வளர்ந்தது. அதன் தொடக்கத்திலும் தமிழர் இருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் தமிழர்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கியபோது, 1985இல் பிரிட்டன் இலங்கையர் அனைவருக்கும் விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள் மீது அது விதித்த முதல் விசாக் கட்டுப்பாடு இதுவே. உரிய ஆவணமில்லாதவரை ஏற்றிவரும் விமான, கப்பல் நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் 1987இல் வந்தது. அதே ஆண்டுகளில் கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்த தமிழர்களைத் தடுக்க, மேற்கு ஜெர்மனி கிழக்கு ஜெர்மனியுடன் பேசி அவ்வழியை 1985இல் அடைத்தது. கடலையும் பாலைவனத்தையும் கடந்து வருவோரைத் தடுக்க அண்டை நாட்டுக்குப் பணமோ சலுகையோ தரும் இன்றைய ஏற்பாடுகளின் முன்மாதிரிகள் இவை. போரிலிருந்து தப்புபவருக்கு விசா கிடைக்காது. விசா இல்லாதவரை விமானம் ஏற்றாது. சட்டவழி அடைபட்டதால் ஆள்கடத்துவோரிடம் போனவரை, சட்டவிரோதமாக வந்தவர் என்று அதே அரசு சந்தேகிக்கும். இந்த வட்டத்தை உருவாக்கியது எல்லைக் கொள்கையே என்பதை மறந்துவிட்டு ஆள்கடத்தலைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

1985 ஜூனில் கையெழுத்தாகி 1995இல் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் ஏற்பாடு, உறுப்பு நாடுகளுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளை நீக்கியது. உள்ளெல்லை மறைந்தால் வெளியெல்லை எல்லோருக்கும் பொதுவாகிறது. ஆனால் அதைக் காக்கும் சுமை பொதுவாக்கப்படவில்லை. 1990இல் கையெழுத்தான டப்ளின் ஒப்பந்தமும் அதன் வழிவந்த ஒழுங்குவிதிகளும், குடும்பத்தினர் வேறிடத்தில் இருத்தல் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர்த்தால், முதலில் நுழைந்த நாடே தஞ்சக் கோரிக்கையை விசாரிக்க வேண்டும் என்கின்றன. நுழைந்த இடத்தை அறிய யூரோடாக் என்ற கைரேகைத் தரவகம் 2003 முதல் இயங்குகிறது. இதன்படி கிரேக்கம், இத்தாலி, மால்டா, ஸ்பெயின் ஆகிய கடலோர நாடுகள் பெருஞ்சுமை ஏற்க வேண்டும். அவை அதைத் தவிர்க்க, வருபவரைக் கைரேகை பதியாமலே வடக்கே போகவிடும். வடக்கு நாடுகள் திருப்பி அனுப்பும். அனுப்பப்பட்டவர் மீண்டும் வருவார். எவர் எங்கே இருக்கிறார் என்பது எந்த அரசுக்கும் உறுதியாகத் தெரியாத நிலையை ஒழுங்குக்காக எழுதிய விதியே உண்டாக்கியது. கிரேக்கத்தின் தஞ்ச அமைப்பு சீர்குலைந்திருப்பதை அறிந்தும் ஆப்கானியர் ஒருவரை அங்கே அனுப்பிய பெல்ஜியமும், அவரை இழிநிலையில் வைத்த கிரேக்கமும் 3ஆம் பிரிவை மீறின என்று 2011 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பளித்த பிறகு, கிரேக்கத்துக்கான டப்ளின் அனுப்புதல்கள் பல ஆண்டுகள் நின்றன.

அத்தகைய அமைப்பின் மீதுதான் 2015இன் பெருவருகை மோதியது. அவ்வாண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மத்தியதரைக் கடலைக் கடந்தனர். அவர்களில் எட்டரை லட்சத்துக்கும் கூடுதலானோர் கிரேக்கத் தீவுகளில் இறங்கினர். ஒன்றிய நாடுகளில் 12 லட்சத்துக்கு மேல் புதிய தஞ்ச விண்ணப்பங்கள் பதிவாயின. இத்தாலியிலும் கிரேக்கத்திலும் இருந்து 1,60,000 பேரை மற்ற நாடுகள் பங்கிட்டு ஏற்பதாக 2015 செப்டம்பரில் முடிவாயிற்று. உண்மையில் இடம் மாறியவர் ஏறக்குறைய 35,000 பேரே. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகியவை தம் கடமையைத் தவறின என்று லக்சம்பர்க் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்த்தபோது அத்திட்டமே முடிந்துபோயிருந்தது. லெஸ்போஸ் தீவின் மோரியா முகாமில், மூவாயிரம் பேருக்கும் குறைவான இடத்தில் ஒரு கட்டத்தில் இருபதாயிரத்தை நெருங்கிய மக்கள் அடைபட்டிருந்தனர். 2020 செப்டம்பரில் அது எரிந்து அழிந்தது.

பொதுப் பாதுகாப்பு பற்றிய அச்சம் இக்காலத்தில்தான் குடியேற்ற விவாதத்தின் மையத்துக்கு வந்தது. அவ்வச்சத்தை வெறுப்புப் பிரச்சாரம் என்று ஒதுக்குவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேரைக் கொன்ற தாக்குதலில் ஈடுபட்டவர்களுள் இருவர், அதற்கு முந்தைய மாதம் போலி சிரியக் கடவுச்சீட்டுகளுடன் கிரேக்கத்தின் லெரோஸ் தீவு வழியாக வந்தவர்கள். அதே தாக்குதலை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸ், பெல்ஜியம் ஆகியவற்றின் குடிமக்களாக இருந்தனர் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்பவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தையில் 2016 டிசம்பர் 19 அன்று சரக்குந்தை ஓட்டிப் பலரைக் கொன்ற துனீசியரின் வரலாறு இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியான பாடம். அவர் 2011இல் இத்தாலிக்கு வந்து, அங்கே சிறையிருந்து, 2015இல் ஜெர்மனிக்குச் சென்று பதினான்கு வெவ்வேறு அடையாளங்களில் பதிந்திருந்தார். காவல்துறை அவரை ஆபத்தானவர் என்று அறிந்திருந்தது. தஞ்சக் கோரிக்கை 2016 ஜூனில் நிராகரிக்கப்பட்டது. ஆனால் துனீசியா அவரைத் தன் குடிமகன் என்று ஏற்று ஆவணம் தராததால் வெளியேற்றம் நடக்கவில்லை. அந்த ஆவணம் தாக்குதல் நடந்து இரு நாட்களுக்குப் பின் வந்து சேர்ந்தது. ஸோலிங்கன் நகரில் 2024 ஆகஸ்ட் 23 அன்று மூவரைக் கத்தியால் கொன்ற சிரியர், டப்ளின் விதிப்படி பல்கேரியாவுக்கு முந்தைய ஆண்டே அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர். அழைத்துச் செல்ல அதிகாரிகள் வந்த இரவில் அவர் விடுதியில் இல்லை, பிறகு எவரும் தேடவில்லை, ஆறு மாதக் காலக்கெடு முடிந்தது, வழக்கு ஜெர்மனியின் பொறுப்பாயிற்று. இவ்விரு நிகழ்வுகளிலும் அரசின் கையைத் தடுத்தது மனித உரிமை நீதிமன்றம் அன்று. தூதரகத்திலிருந்து வராத ஒரு தாளும், ஓர் இரவுக்குப் பின் கைவிடப்பட்ட ஒரு முயற்சியுமே தடைகளாயின. ஸோலிங்கன் நிகழ்வுக்குப் பின் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையை விதித்தது. நாட்டுக்குள் ஏற்கெனவே பதிவாகியிருந்த ஒருவரைப் பின்தொடராத அலுவலகக் குறையை எல்லைச் சோதனை எவ்வாறு சரிசெய்யும் என்பதை அரசு விளக்கவில்லை.

பொதுப் பாதுகாப்பு என்பது புலம்பெயர்ந்தவரிடமிருந்து மற்றவரைக் காப்பது மட்டும் என்று சுருங்கிவிட்டதும் ஒரு குறை. 2020 பிப்ரவரியில் ஹனாவ் நகரில் இனவெறியன் ஒருவன் புலம்பெயர் பின்னணி கொண்ட ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களும் பாதுகாப்புக்குரிய பொதுமக்களே.

கடலில் நிகழ்வது இதைவிடக் கொடியது. 2013 அக்டோபர் 3 அன்று இத்தாலியின் லம்படூசா தீவுக்கு அருகே படகு கவிழ்ந்து 368 பேர் இறந்தனர். அதன்பின் இத்தாலியக் கடற்படை நடத்திய 'மாரே நோஸ்ட்ரும்' மீட்புப் பணி ஏறக்குறைய ஓராண்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேரைக் காப்பாற்றியது. மாதந்தோறும் ஏறக்குறைய 90 லட்சம் யூரோ செலவான அப்பணியை மற்ற நாடுகள் பங்கிட்டுக்கொள்ள முன்வராததால் 2014 இறுதியில் அது நின்றது. காப்பாற்றினால் இன்னும் பலர் வருவர் என்று சொல்லப்பட்டது. அடுத்த ஏப்ரலில் ஒரே கப்பலில் எண்ணூறுக்கும் குறையாத மக்கள் மூழ்கினர். 2014 முதல் மத்தியதரைக் கடலில் இறந்தோரும் காணாமற்போனோரும் 30,000க்கும் அதிகம் என்பது சர்வதேசப் புலம்பெயர்வு நிறுவனத்தின் கணக்கு. 2023 ஜூன் 14 அன்று கிரேக்கத்தின் பைலோஸ் கரைக்கு அப்பால் சுமார் 750 பேருடன் மூழ்கிய படகைக் கடலோரக் காவலர் பல மணிநேரம் கண்காணித்திருந்தனர். பிழைத்தவர் 104 பேர். கடலில் ஆபத்திலிருப்பவரை மீட்பது கடற்சட்டத்தின் மிகப் பழைய கடமைகளுள் ஒன்று. குடியேற்றக் கொள்கை அதைத் தளர்த்த எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

இத்தாலியப் போர்க்கப்பல்கள் 2009 மே மாதத்தில் நடுக்கடலில் படகுகளிலிருந்து ஏறக்குறைய இருநூறு பேரை ஏற்றி லிபியாவில் இறக்கின. கப்பலின் தளம் இத்தாலியின் கட்டுப்பாட்டில் இருந்ததால் அங்கே உடன்படிக்கை பொருந்தும் என்றும், எவரையும் தனியே விசாரிக்காமல் கூட்டாக வெளியேற்றியது தவறு என்றும் 2012 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் தீர்த்தது. அதன்பின் ஐரோப்பிய அரசுகள் தாமே திருப்பி அனுப்புவதைக் குறைத்து, அவ்வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கத் தொடங்கின. 2017 பிப்ரவரியில் இத்தாலி லிபியாவுடன் செய்த உடன்பாட்டின் கீழ், படகும் பயிற்சியும் பெற்ற லிபியக் காவலர் ஆட்களைப் பிடித்துத் தம் நாட்டுத் தடுப்புமுகாம்களுக்குக் கொண்டுபோகின்றனர். அம்முகாம்களில் சித்திரவதையும் பாலியல் வன்முறையும் ஆட்களை விற்பதும் நிகழ்வதை ஐக்கிய நாடுகளின் ஆய்வுக்குழுக்கள் பதிவுசெய்திருக்கின்றன.

துருக்கியுடன் 2016 மார்ச் 18 அன்று எட்டிய உடன்பாடு இவற்றுள் பெரியது. 600 கோடி யூரோ உதவிக்கு ஈடாக, கிரேக்கத் தீவுகளுக்கு வருவோரைத் திரும்பப் பெற துருக்கி இசைந்தது. வருகை விரைவாகக் குறைந்தது உண்மை. அப்பணத்தில் துருக்கியிலிருந்த சிரியக் குழந்தைகளின் பள்ளிகளும் மருத்துவமும் நடந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் காவலை அண்டை அரசிடம் ஒப்படைத்தவர் அந்த அரசின் தயவில் வாழ வேண்டும். 2020 தொடக்கத்தில் துருக்கி தன் எல்லையைத் திறந்துவிட்டுக் கிரேக்கத்தை நெருக்கியது. 2021இல் பெலாரஸ் அரசு மேற்காசிய நாடுகளிலிருந்து மக்களை விமானத்தில் வரவழைத்து போலந்து, லித்துவேனியா, லாட்வியா எல்லைகளுக்குத் தள்ளியது. புலம்பெயர்ந்தோரை ஆயுதமாக்குதல் என்று ஐரோப்பா பெயரிட்ட இந்தச் சூழ்ச்சி பலித்ததற்குக் காரணம், சில ஆயிரம் மனிதரின் வருகையே ஓர் அரசை நிலைகுலைக்கும் என்பதை ஐரோப்பாவே உலகுக்குக் காட்டியிருந்தமைதான். போலந்து ஐந்தரை மீட்டர் உயர வேலியை 186 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பியது. 2025 மார்ச்சில் அவ்வெல்லையில் தஞ்சம் கோரும் உரிமையையே இடைநிறுத்தியது. எதிரி அரசின் சதியைத் தடுப்பது நியாயமான பாதுகாப்பு நோக்கம். இரு வேலிகளுக்கு இடையே காட்டில் உறைந்து இறந்தவர்கள் அந்தச் சதியின் கருவிகளாக்கப்பட்டவர்களே ஒழியச் சதிகாரர்கள் அல்லர்.

ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் எப்போதும் ஒரே திசையில் நின்றதில்லை. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸ்பெயினின் மெலில்லா நகர வேலியைக் கூட்டமாக ஏறிக் கடந்து உடனே திருப்பி அனுப்பப்பட்ட இருவரின் வழக்கில், சட்டப்படி நுழையும் வழி உண்மையாகவே திறந்திருக்க, அதை விடுத்து அவர்கள் தம் செயலால் தனிவிசாரணையை இழந்தனர் என்று 2020 பிப்ரவரியில் அந்நீதிமன்றத்தின் பெருமன்றம் ஸ்பெயினுக்குச் சாதகமாகத் தீர்த்தது. அவ்வழி நடைமுறையில் திறந்திருந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் 2025 ஜனவரியில், எவ்ரோஸ் ஆற்றெல்லையில் துருக்கியப் பெண் ஒருவரைக் கிரேக்கம் திருப்பித் தள்ளிய வழக்கில், அது தனியொரு தவறன்று, அங்கே முறையாகவே நடந்துவந்த வழக்கம் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன என்று அதே நீதிமன்றம் கூறியது. ஒன்றியத்தின் எல்லைக்காவல் அமைப்பான ஃப்ரான்டெக்ஸின் தலைவர், இத்தகைய விரட்டியடிப்புகளை அவ்வமைப்பு மறைத்தது குறித்த விசாரணையின் பின்னணியில் 2022 ஏப்ரலில் பதவி விலகினார்.

விசாரணையையே வேறு நாட்டுக்கு மாற்றும் திட்டங்கள் அடுத்த கட்டம். தஞ்சம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுத் திட்டத்தை, அங்கிருந்து அவர்கள் ஆபத்துள்ள நாடுகளுக்கு அனுப்பப்படலாம் என்று கண்டு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே 2023 நவம்பரில் சட்டவிரோதம் என்றது. பின்வந்த அரசு 2024இல் அதைக் கைவிட்டது. அதுவரை சுமார் 70 கோடி பவுண்டு செலவாகியிருந்ததாகவும், தாமாக இசைந்து போனவர் நால்வர் மட்டுமே என்றும் அவ்வரசு தெரிவித்தது. இத்தாலி அல்பேனியாவில் கட்டிய மையங்களுக்கு 2024 அக்டோபரில் முதலில் கொண்டுசென்ற பதினாறு பேரும் சில நாட்களிலேயே இத்தாலிக்குத் திரும்பினர். ஒரு நாட்டைப் பாதுகாப்பான நாடு என்று அரசு அறிவிக்கலாம். ஆயினும் எந்த ஆதாரத்தின் மீது அறிவித்தது என்பதை நீதிமன்றமும் விண்ணப்பதாரரும் அறிந்து சோதிக்க முடிய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் லக்சம்பர்க் நீதிமன்றம் விதித்தது. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் ஆட்சியிலுள்ள தியேகோ கார்சியா தீவில் 2021 அக்டோபரில் கரைசேர்ந்த ஈழத்தமிழர்கள், கூடார முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் அடைத்துவைக்கப்பட்டனர். அது சட்டவிரோதத் தடுப்புக்காவல் என்று அப்பிரதேச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்த்தது. சட்டம் எட்டாத தூரம் என்று எதுவும் இல்லை, எட்டத் தாமதமாகும் தூரம் மட்டுமே உண்டு என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் முகாமில் இருப்பவரே.

இவற்றுக்கு நடுவே ஒரு மறுதலைச் சான்றும் உண்டு. ரஷ்யப் படையெடுப்புக்குப் பின் 2022 மார்ச் 4 அன்று, 2001 முதல் ஏட்டில் மட்டும் இருந்த தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை ஒன்றியம் முதன்முறையாகச் செயல்படுத்தியது. உக்ரேனியர் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தனித்தனி விசாரணை இன்றியே தங்கும் உரிமை, வேலை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றைப் பெற்றனர். வீட்டுத் தட்டுப்பாடும் முணுமுணுப்பும் இருந்தன. ஆயினும் 2015இல் கண்ட குழப்பம் இல்லை. அவர்கள் ஆள்கடத்துவோரை நாடவில்லை, அடையாளத்தை மறைக்கவில்லை, ஏனெனில் மறைக்கத் தேவையில்லை. சட்டவழி திறந்திருக்கும்போது வருபவர் யார் என்பதை அரசு அறிந்துகொள்கிறது என்ற எளிய உண்மை பாதுகாப்பு அதிகாரிகளின் கவனத்துக்கு உரியது. சிரியருக்கும் ஆப்கானியருக்கும் ஏன் அது திறக்கப்படவில்லை என்ற கேள்விக்கு ஐரோப்பா நேர்மையான விடை தந்ததில்லை.

2024 மே மாதம் நிறைவேறி, 2026 ஜூன் 12 முதல் பொருந்துமாறு விதிக்கப்பட்ட குடியேற்ற, தஞ்சப் புதிய உடன்பாடு, டப்ளின் முறையின் குறைகளுக்கு ஒன்றியம் கண்ட விடை. ஒழுங்கற்ற முறையில் வருவோர் ஏழு நாட்களுக்குள் அடையாளம், உடல்நலம், பாதுகாப்பு ஆபத்து ஆகியவை குறித்துச் சோதிக்கப்படுவர். விண்ணப்பம் ஏற்கப்படும் விகிதம் 20 விழுக்காட்டுக்கு மேற்படாத நாடுகளின் குடிமக்கள், பாதுகாப்புக்கு ஆபத்தானோர், அதிகாரிகளை ஏமாற்றியோர் ஆகியோரின் கோரிக்கைகள் எல்லையிலேயே பன்னிரண்டு வாரங்களுக்குள் முடிக்கப்படும். அதுவரை அவர்கள் மண்ணில் நின்றாலும் சட்டத்தின் பார்வையில் நுழையாதவர்களே. உறுப்பு நாடுகள் சிலரை ஏற்கலாம், அல்லது ஏற்க மறுக்கும் ஒவ்வொருவருக்கும் 20,000 யூரோ என்ற கணக்கில் பணம் தரலாம். கைரேகை பதியும் வயது பதினான்கிலிருந்து ஆறாகக் குறைந்தது.

விரைவான முடிவு தன்னளவில் நன்மையே. முகாமில் இரண்டாண்டு காத்திருப்பது எவருக்கும் உரிமையாகாது. ஆனால் பன்னிரண்டு வாரத்துக்குள் சித்திரவதைக்கு ஆளான ஒருவர் தன் கதையை அந்நிய அதிகாரியிடம் கோவையாகச் சொல்ல வேண்டுமானால், நல்ல மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் மருத்துவரும் முதல் நாளிலிருந்தே வேண்டும். கோரிக்கை ஏற்கப்படும் விகிதத்தை நாட்டின் சராசரியால் அளப்பதிலும் ஆபத்து உண்டு. பொதுவாக அமைதியான நாட்டிலும் ஒரு சிறுபான்மையினர் மட்டும் வேட்டையாடப்படலாம்; 1991இல் ஐந்து தமிழருக்கு நேர்ந்த தவறு இம்முறை புள்ளிவிவரத்தின் வடிவில் திரும்பிவரக்கூடும்.

வெளியேற்றம் இன்னும் தீராத சிக்கல். வெளியேற உத்தரவு பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே உண்மையில் திரும்புகின்றனர் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. நிராகரிப்புக்குப் பொருள் இல்லாமற்போனால் உண்மையான அகதிகளுக்கான மக்கள் ஆதரவும் தேயும் என்பதால், மனித உரிமையில் அக்கறை கொண்டோரும் இதைத் தட்டிக்கழிக்கலாகாது. வெளியேற்றம் பற்றிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஆணை தடுப்புக்காவலுக்கு ஆறு மாதத்தையும், நீட்டித்தால் அதிகபட்சம் பதினெட்டு மாதத்தையும் வரம்பாக வைத்தது. 2025 மார்ச்சில் ஆணையம் முன்வைத்த புதிய வரைவு காவலை நீட்டிக்கவும், மூன்றாம் நாடுகளில் திரும்புகை மையங்கள் அமைக்கவும் வழிசெய்கிறது. ஆனால் பெர்லின் நிகழ்வில் குறைவாயிருந்தது சிறை அன்று, துனீசியாவின் ஒத்துழைப்பு. அதைப் பெற விசா, வணிகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் அந்நாடுகளோடு நேர்மையான பேச்சு வேண்டும். திரும்பியவருக்கு என்ன நேர்கிறது என்பதைத் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பும் உண்டு. 2013இல் இலங்கைக்குத் திரும்பிய தமிழர் இருவர் அங்கே கைதானதை அறிந்த சுவிட்சர்லாந்து, திருப்பி அனுப்புவதை நிறுத்தித் தன் முந்தைய முடிவுகளை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. தவறை ஒப்புக்கொண்டு அதைச் சரிசெய்ய முனைந்த அந்த நடத்தையை மற்ற நாடுகள் அதிகம் பின்பற்றவில்லை.

இத்தாலியும் டென்மார்க்கும் முன்னின்று 2025 மே மாதத்தில் ஒன்பது நாடுகள் வெளியிட்ட கூட்டுக் கடிதம், ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் உடன்படிக்கையை மிக விரிவாகப் பொருள்கொண்டு, குற்றமிழைத்த அந்நியரை வெளியேற்றும் அரசுகளின் உரிமையைக் குறுக்கிவிட்டதாகக் குறைகூறியது. நீதிமன்றத்தை அரசியல் ஆயுதமாக்கலாகாது என்று ஐரோப்பியக் கவுன்சிலின் தலைமைச் செயலர் அலேன் பெர்செ மறுமொழி கூறினார். குடும்ப வாழ்வை மதிக்கும் 8ஆம் பிரிவு போன்றவற்றில் அரசுகளுக்குக் கூடுதல் தளர்ச்சி தருவது பற்றி விவாதிக்க இடமுண்டு. அப்பிரிவே பொது நலனுடன் ஒப்புநோக்கும்படி எழுதப்பட்டது. 3ஆம் பிரிவில் அத்தகைய இடம் இல்லை. ஒருவருக்காக அதைத் தளர்த்தினால் அது குடிமக்களுக்கும் தளர்ந்ததாகவே ஆகும், ஏனெனில் அதே பிரிவின் கீழ்தான் காவல்நிலையத்தில் அடிபட்ட ஐரோப்பியக் குடிமகனும் முறையிடுகிறான்.

புதிய உடன்பாட்டின் பயன் இறுதியில் அதன் கண்காணிப்பு ஏற்பாட்டைப் பொறுத்திருக்கிறது. சோதனைக் கட்டத்திலும் எல்லை விசாரணையிலும் உரிமைகள் மதிக்கப்படுகின்றனவா என்று பார்க்க ஒவ்வொரு நாடும் சுயேச்சையான கண்காணிப்பு முறையை அமைக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. முன்னறிவிப்பின்றி மையங்களுக்குள் நுழையவும், குற்றச்சாட்டுகளை விசாரணைக்கு அனுப்பவும் அம்முறைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எவ்ரோஸ் கரையிலும் பெலாரஸ் காட்டிலும் நடுக்கடலிலும் நிகழும் விரட்டியடிப்புகள், எவரும் சோதனை மையத்தின் வாசலை எட்டுவதற்கு முன்பே நடந்துமுடிந்துவிடுகின்றன. எல்லைக் கண்காணிப்புப் பணியையும் அம்முறையின் ஆய்வாளர்களின் வரம்புக்குள் கொண்டுவர உறுப்பு நாடுகளைச் சட்டம் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. ரோந்துக் கப்பலின் பதிவேட்டையும் எல்லைக் கேமராவின் ஒளிப்பதிவையும் அவர்கள் கேட்டுப் பெற முடியுமா என்பதை ஒவ்வொரு நாடாளுமன்றமும் தன் சட்டத்தில் தனித்தனியே எழுதவேண்டியிருக்கிறது.